மலைக்காற்று காசநோயைக் குணமாக்காது

ஏற்காடு மலைக் கிராமங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. ‘டிபி மாத்திரை சிறுநீரில் ரத்தம் வரவைக்கும். இருமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள், மிச்சத்தை நம்ம மலைக்காற்றும் மிளகுக் கஷாயமும் பார்த்துக்கொள்ளும்’ என்கிறது. இது தவறு.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது உண்மைதான். அது ரத்தமல்ல, டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் சாயம். வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும், வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியில் கறையாகவே தெரியும். பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ வாந்தி வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

காற்று விஷயத்துக்கு விடை 1959-லேயே கிடைத்துவிட்டது. சென்னையில் நடந்த ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் நல்ல காற்றும் ஊட்டமான சாப்பாடும் கிடைத்து மருந்தும் சாப்பிட்டவர்களுக்கும், நெருக்கமான வீடுகளில் இருந்தபடி அதே மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமானது. காப்பாற்றியது மருந்து.

இரண்டே மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. கிருமிகளில் சில இன்னும் உயிரோடு இருக்கும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து அதற்காகத்தான். பாதியில் விட்டால் நோய் திரும்பும், அப்புறம் அதே மருந்து கேட்காமலும் போகலாம்.

கஷாயம் குடிக்கலாம், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்கு வரும், பதியும்போதே கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.