புத்தர் வேற, றோட்டுக்கரைச் சிலை வேற எண்டு எத்தினை தரமப்பா சொல்லுறது?

ஞாயிற்றுக்கிழமை எங்கட வாசிகசாலையில பௌத்தத்தைப் பற்றி நான் கதைக்கேக்க, கொஞ்சப் பேர் எழும்பி நிப்பாட்டச் சொல்லிட்டினம். அது போட்டோவோட எல்லா இடமும் சுத்துது. "விகாரைக்கு அத்திவாரம் போடுற வாத்தி" எண்டு எழுதின தம்பிக்கு வணக்கம். அத்திவாரம் போட என்னட்டக் காசில்லை ராசா, என்ர வீட்டுக் குசினிக்கே இன்னும் சீமெந்து பூசேல்ல.

நான் கதைச்சது நாப்பது நிமிசம். பௌத்தமெண்டா என்ன, எங்க துவங்கினது, எங்கட ஆக்களுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு, அவ்வளவுதான். புத்தர் வேற, எங்கட காணியளைப் பிடிக்கிறதுக்கு ராவோட ராவா றோட்டுக்கரையில முளைக்கிற புத்தர் சிலை வேற. அண்டைக்கு மூண்டு தரம் சொன்னனான், இப்பவும் சொல்லுறன்.

29 வயசில பெண்சாதி பிள்ளையை விட்டிட்டுப் போன மனுசன், 35 வயசில புத்தகயாவில அரசமரத்துக்குக் கீழ ஞானம் அடைஞ்சு, சாரநாத்தில ஐஞ்சு பேருக்கு முதல்முதல் சொல்லி, பேந்து 45 வருசம் கால்நடையா ஊர் ஊராத் திரிஞ்சு 80 வயசில குசிநகரில கண்ணை மூடினவர். சொன்னதைக் கேட்டா எங்கட அம்மம்மாவுக்கும் விளங்கும்: துக்கம் இருக்கு, காரணம் ஆசை, ஆசை அறுந்தா துக்கமும் அறும், அதுக்கு எட்டு அங்கமுள்ள ஒரு வழி இருக்கு. சரியாப் பார், சரியா நினை, சரியாக் கதை எண்டு போகும் (மூண்டாவதில எங்கட வட்ஸ்அப் குரூப் முழுக்க பெயில்). இதில எங்க காணி பிடிக்கச் சொல்லிக் கிடக்கு? பஞ்சசீலத்தில ரெண்டாவதே களவெடுக்காதை எண்டதுதான். அதைக் காணி பிடிக்கிறவையின்ர மூஞ்சைக்கு நேர சொல்லுறதெண்டா முதல் எனக்குத் தெரிஞ்சிருக்க வேணுமே!

"சிங்களவற்ர சமயத்தை ஏன் எங்கட பிள்ளையளுக்கு?" எண்டு ஒரு அண்ணை. ஏதோ தெற்கில இருந்து லொறியில வந்து இறங்கின சாமான் மாதிரி. அண்ணை, மணிமேகலை எந்தச் சமயக் காப்பியம்? வீரசோழியம் எண்ட தமிழ் இலக்கணம் எழுதின புத்தமித்திரர் ஆர்? நாகபட்டினத்து விகாரைக்கு ஆனைமங்கலம் எண்ட ஊரையே ராஜராஜன் விட்டதுக்குச் செப்பேடு இருக்கு. தெற்கில பிக்குமார் படிக்கிற பாளி உரைகளில ஒரு பங்கு சோழநாட்டுப் புத்ததத்தர் எழுதினது. சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் பத்தாம் பாட்டில சமணரையும் சாக்கியரையும் (பௌத்தரைத்தான்) பிடிச்சு ஏசுறார். தமிழருக்குள்ள ஆளே இல்லாமலோ அவர் அப்பிடி மினக்கெட்டு ஏசினவர்? நாளைக்குக் காட்டுக்குள்ள ஒரு பழைய விகாரையின்ர செங்கல் வெளிப்பட்டா, எங்களுக்கென்ன எண்டு நாங்களே தள்ளி நிண்டா, அது ஆற்ர செங்கல் எண்டு எழுதப்போறது ஆர்? தமிழ்ப் பௌத்தனும் இருந்தவன் எண்டு சொல்ல எங்களிட்ட ஒரு வாயாவது வேணும்.

"மதம் மாறப்போறீரோ?" ஓம், மொட்டை அடிக்கிற செலவும் இல்ல, எனக்கு ஏற்கனவே கொட்டிட்டுது.

"காணி பிடிக்கேக்க வாய் திறந்தனியோ?" திறந்தனான். ரெண்டு மணித்தியாலம் வெயிலில பதாகை பிடிச்சனான். அந்தப் போட்டோவை ஒருத்தரும் போடேல்ல. கோயில் திருவிழா நேரம் கூட்டம் வைச்சது பிழைதான், அதை ஒத்துக்கொள்ளுறன்.

2011, மீளக் குடியேறின கையோட தறப்பாள் கொட்டிலில தரம் ஆறு படிப்பிச்சனான். கிசா கோதமி கதை சொன்னன். செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த தாயை, சாவு விழாத வீட்டில கொஞ்சம் கடுகு வாங்கி வா எண்டு புத்தர் அனுப்பினாரே, அந்தக் கதை. முடிக்க முதலே முன் வாங்கில இருந்த பெட்டை எழும்பி, "சேர், அவ எங்கட ஊருக்கு வந்திருந்தா முதல் வீட்டிலயே திரும்பியிருப்பா" எண்டாள். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள். வெண்கட்டியை வைச்சிட்டு வெளியில வந்து குழாயடியில முகம் கழுவினன். அந்த வகுப்பில தாய் தேப்பன் ரெண்டு பேரும் இருந்தது எத்தினை பிள்ளையளுக்கு எண்டு நான் எண்ணேல்ல. எண்ணப் பயம்.

அதால எனக்கு யுத்தத்தை நினைவுபடுத்த வராதேங்கோ. துட்டகைமுனு எண்ட சிங்கள அரசன் போரில இத்தினை சனத்தைக் கொண்டிட்டனே எண்டு கலங்கேக்க, செத்தது ஒண்டரை மனிசர்தான் எண்டு துறவியள் ஆறுதல் சொன்னதா மகாவம்சம் எண்ட பழைய பாளி வரலாற்று நூலில கிடக்கிறதும் எனக்குத் தெரியும். ஒண்டரை! பகை பகையால தணியாது எண்ட புத்தர் வாக்கை 1951 இல சான்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில ஜப்பானுக்காகச் சொன்னவர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. 1983 இல தமிழரை அடிச்சுக் கொளுத்தேக்க ஜனாதிபதியா இருந்ததும் அவர்தான். ஜப்பானுக்குக் குடுத்த வரியில எங்களுக்கு அரை வரி மிஞ்சேல்ல. இதெல்லாத்தையும் ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பத்து நிமிசத்துக்கு வைச்சிருந்தனான். அதுக்குள்ள நீங்கள் எழும்பிட்டியள்.

"காணும் சேர், நிப்பாட்டுங்கோ" எண்டு முதல் எழும்பினவன் நான் படிப்பிச்ச பெடியன். ஏசினதை விட அந்த "சேர்" தான் குத்தினது.

வாற ஞாயிறும் நாலு மணிக்கு அங்கதான் இருப்பன். தேத்தண்ணி என்ர செலவு. போகேக்க கதிரையளை மட்டும் அடுக்கி வைச்சிட்டுப் போங்கோ, போன முறை நாப்பதையும் நான் தனியத்தான் அடுக்கினனான்.