ஒரே முறை எடுத்த கணக்கெடுப்பு காரணத்தைச் சொல்லாது

"தினம் 5 மணி நேரம் இன்ஸ்டாகிராமில் இருப்பவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் குறைவு, அதனால் இன்ஸ்டாகிராம்தான் நட்பைக் கெடுக்கிறது" என்ற முடிவு தவறு. பேச ஆளில்லாததாலேயே ஒருவர் போனில் கிடக்கலாமே! எது முதலில் வந்தது என்று தெரிய, அதே ஆட்களிடம் சில மாத இடைவெளியில் மூன்று முறையாவது கேட்க வேண்டும்.

அந்த 5 மணி நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு), வாயால் சொன்ன நேரத்துக்கும் கருவியில் பதிவான நேரத்துக்கும் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண், சுமார் 0.38தான்; முழுசாகப் பொருந்தினால் அது 1 ஆக இருக்கும். செட்டிங்ஸில் உள்ள வாராந்திர ஸ்கிரீன் டைம் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்குங்கள். அதுவும் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்றுதான் காட்டும், ஆப்புக்குள் என்ன செய்தார்கள் என்று காட்டாது. தோழியோடு நள்ளிரவு வரை சாட் செய்ததா, முன்பின் தெரியாதவர்களின் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருந்ததா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.