கைக்குத் தெரிந்ததைப் பார்க்க இன்னொரு கண்

என் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் முழுக்க மூச்சைப் பற்றியது. ஆனால் அதற்கான முதல் கவனிப்பு என்னுடையதில்லை. கூடவே முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த ஒரு நடனக் கலைஞருடையது.

நான் மண்ணில் வேலை செய்பவன். சக்கரத்தில் பாண்டம் வனைவதுதான் என் கலை, அதுவே என் ஆய்வுமுறையும். இரண்டு வருடம் விடாமல் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மண்ணின் ஈரம், சக்கரத்தின் வேகம், சுவரின் கனம், சூளையின் வெப்பம், எந்தப் பாண்டம் எந்த இடத்தில் கோணியது, எல்லாம் இருந்தது. ஏன் கோணியது என்பது மட்டும் இல்லை. ஒருநாள் அவர் என் பட்டறைக்கு வந்து ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து பார்த்தார். கிளம்பும்போது சொன்னார்: "சுவரை மேலே இழுக்கும்போது நீங்க மூச்சே விடறதில்லை. விளிம்புக்கு வந்ததும்தான் விடறீங்க. அந்த இடத்துலதான் கோணுது."

பழைய வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அப்படித்தான் இருந்தது. அடக்கிய மூச்சு வெளியே வரும்போது தோள் இறங்குகிறது, தொடையில் ஊன்றிய முழங்கை நழுவுகிறது, விரல்கள் மயிரிழை அளவு நகர்கின்றன. ஈர மண்ணுக்கு அந்த மயிரிழை போதும். இத்தனை வருடம் வனைந்த எனக்குத் தெரியாதது, உடம்பைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கலைஞர்கள் ஆய்வில் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் அதை வெறும் ஆறுதலாகவே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். சோர்ந்து போனால் தட்டிக்கொடுப்பது, புலம்பினால் கேட்பது. அதுவும் வேண்டும்தான். அது இல்லாமல் நான் இரண்டாம் வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில் இந்தத் துணை ஆய்வுமுறையின் ஒரு பகுதி. அதை எடுத்துவிட்டால் ஆய்வே குறைந்துபோகும்.

படைப்பின் வழியே செய்யும் ஆய்வு புதிதாக முளைத்த விஷயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1984இலேயே படைப்புக் கலைகளுக்கு முனைவர் பட்டம் வந்துவிட்டது. 1993இல் பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் எழுதிய ஒரு கட்டுரையில் கலை சார்ந்த ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு. நாங்கள் செய்வது நடுவில் உள்ளது. அதில்தான் சிக்கலும். நமக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் நம்மால் சொல்லிவிட முடியாது என்பதைத் தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1960களிலேயே விளக்கிவிட்டார். கைக்குத் தெரியும், வாய்க்கு வராது. ஆய்வேடோ வாயைத்தான் கேட்கிறது. என்னுடைய முதல் மதிப்பாய்வில் குழுவில் இருந்த ஒருவர், "வேலை அழகா இருக்கு, ஆய்வு எங்கே?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் பட்டறையில்தான் இருந்தது, என் கண்ணுக்குப் படவில்லை.

ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் பார்த்துச் சொல்லலாமே என்பார்கள். நல்ல நெறியாளர் கிடைப்பது பெரிய கொடுப்பினை, எனக்குக் கிடைத்தார். கலைகளில் முனைவர் பட்டம் பற்றி ஐரோப்பியக் கலைக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட ஃப்ளோரன்ஸ் கோட்பாடுகள், குறைந்தது இரண்டு நெறியாளர்கள் இருப்பது நல்லது என்றே பரிந்துரைத்தன. சரி, இரண்டு பேர் இருக்கட்டும். ஆனாலும் அவர்கள் முன்னால் நாம் தேறிய வேலையைத்தான் வைக்கிறோம். உடைந்ததை, அசிங்கமாக வந்ததை, ஏன் செய்தோம் என்றே புரியாததை வைக்க மாட்டோம். அவற்றைக் காட்ட, அதே நிலையில் தவித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர்தான் வேண்டும்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் நடனம், ஒருவர் அச்சுக்கலை, ஒருவர் ஒலி, நான் மண். மாதம் இரண்டு முறை சந்திக்கிறோம், ஒரு முறைக்கு ஒருவருடைய வேலை மட்டும். முதல் அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது, பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். இது நாங்களாக வைத்துக்கொண்ட விதி. அதற்குப் பிறகு, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கத் தொடங்கிய முறையைப் பின்பற்றுகிறோம். அதில் நான்கு படிகள். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். பிறகு கலைஞர் தன் கேள்விகளைக் கேட்பார். மூன்றாவது, பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக்கூடாது. கடைசியில்தான் கருத்து, அதுவும் சொல்லலாமா என்று அனுமதி கேட்டு.

மூன்றாவது படிதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. "ஏன் இவ்வளவு இருட்டா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் அது கேள்வி இல்லை, இருட்டு அதிகம் என்று சொல்லியாகிவிட்டது. "வெளிச்சத்தை எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் யோசிக்கத் தொடங்குகிறார். அந்த யோசனை வாயிலிருந்து வரும்போதே ஆய்வேட்டுக்கான வாக்கியம் பாதி பிறந்துவிடுகிறது. அதனால் எப்போதும் ஒருவர் எழுதிக்கொள்வார்: தேதி, யார் கேட்டது, என்ன பதில்.

அச்சுக்கலைஞரின் கதையையும் சொல்ல வேண்டும். ஒரே செப்புத் தகட்டைத் திரும்பத் திரும்ப அமிலத்தில் இட்டு, ஒவ்வொரு நிலையிலும் ஒரு பிரதி எடுப்பவர் அவர். கண்காட்சிக்கு ஆறு பிரதிகளைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தைத் தூக்கிப் போடக் கட்டி வைத்திருந்தார். எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே தரையில் பரப்ப முடியுமா என்று ஒலிக் கலைஞர் கேட்டார். பரப்பினோம். கோடுகள் அரித்து அரித்துக் கறுத்து, ஒரு கட்டத்தில் தகடு மை பிடிப்பதையே விட்டு மறுபடி வெளுக்கத் தொடங்கியிருந்தது. அந்தத் திருப்பம் நடந்த பிரதிகள் அத்தனையும் கட்டி வைத்த மூட்டையில் இருந்தன. ஒரு படம் எப்போது தன்னைத்தானே அழிக்கத் தொடங்குகிறது என்பதுதான் இப்போது அவருடைய ஆய்வுக் கேள்வி.

அப்படியென்றால் இது யாருடைய ஆய்வு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் மூச்சைக் கவனித்தது நடனக் கலைஞர். அதற்குப் பிறகு ஆறு மாதம், இழுக்கும்போது மூச்சை விட்டு, பாதியில் விட்டு, அடக்கி, ஒவ்வொரு விதத்திலும் வனைந்து, சுவரை அறுத்துப் பார்த்துப் பதிவு செய்தது நான். இரண்டையும் அப்படியே ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். நன்றியுரைப் பக்கத்தில் ஒரு வரியோடு முடித்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. அறிவியல் ஆய்வகங்களில் குழுவாக உட்கார்ந்து ஒருவர் தரவை மற்றவர் அலசுவது அன்றாட வேலை, அதை யாரும் சலுகையாகப் பார்ப்பதில்லை. கலைஞருக்கு மட்டும் தனியாக இருந்தால்தான் அசல் என்று எங்கிருந்து வந்தது?

எல்லா நாளும் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஆய்வு நிதி நல்கைக்கு எங்களில் இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தோம். அந்த மாதம் என்னால் மற்றவர் வேலையைச் சுத்தமான மனதோடு பார்க்க முடியவில்லை, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒரு சந்திப்பிலிருந்து விலகினேன். நல்கை அவருக்குக் கிடைத்தது. அப்புறம் என் சூளை வேலைக்கு இரவெல்லாம் கூட நின்றதும் அவர்தான். ஒலிக் கலைஞர் குடும்பச் சூழலால் ஒரு வருடம் ஆய்வை நிறுத்தியிருந்தார். பல்கலைக்கழகப் பட்டியலில் அவர் பெயர் இல்லாத அந்த வருடம் முழுக்க, அடுத்து யாருடைய வேலை என்று நாங்கள் வைத்திருந்த பட்டியலில் இருந்தது.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பூட்டாத ஓர் அறை, இந்த மணி நேரங்களை ஆய்வு நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மனசு. துறைகளுக்கு இடையே சுவர் இருக்கும் இடங்களில் இது இன்னும் அவசியம். இன்னொரு குயவர் பார்த்திருந்தால் என் விரல்களைத்தான் பார்த்திருப்பார்.

அச்சுக்கலைஞருக்கு அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. போன சந்திப்பில் நாங்கள் மூவரும் தேர்வாளர்களாக உட்கார்ந்தோம். நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் நடனக் கலைஞர் கேட்டார்: "இந்த ஒன்பதாவது பிரதியை எடுத்துட்டா உங்க வாதம் நிக்குமா?" அச்சுக்கலைஞர் எழுந்து போய் அந்தப் பிரதியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். "தெரியல. அடுத்த முறை சொல்றேன்" என்றார். நான் தேதி போட்டு அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டேன்.