பழைய பாவாடையில் தைத்த பை

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, திருமண வீடுகளிலும் கடைத் திறப்பு விழாக்களிலும் எனக்குக் கொடுத்த துணிப் பைகளை எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று இருந்தன. தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைக்கும் அளவுக்கே தைக்கப்பட்டவை என்பதால் ஒரு வாரக் காய்கறி அவற்றில் அடங்காது. தோளில் மாட்டும் அளவுக்குக் காதும் நீளமில்லை. நான் ஆறு ஆண்டுகளாகச் சந்தைக்கு எடுத்துச் செல்வது, பழைய உள்பாவாடை ஒன்றை வெட்டித் தைத்த பையைத்தான்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்ததையும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதையும் நான் மனதார வரவேற்றவள். பை கொண்டுபோவதைக் கூச்சமாக நினைத்த ஒரு தலைமுறைக்கு அந்த மஞ்சள் நிறம் பெருமையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால், பிளாஸ்டிக் பைக்கு மாற்று புதிதாக நெய்த துணியில் தைத்த பைதான் என்று நாம் எடுத்துக்கொண்டது பிழை என்றே கருதுகிறேன்.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதுப் பருத்திப் பை ஒன்று பருவநிலை பாதிப்பில் மட்டும் அங்காடிகளில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால் அதை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். தண்ணீர், ஓசோன் படலம் உள்ளிட்ட எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் அது 7,100 முறையாகிறது. பருத்தி விளைவிக்கத் தேவைப்படும் நீரும் உரமும், பிறகு நூற்பு, நெசவு ஆகியவற்றுக்கான ஆற்றலும் அந்தக் கணக்கில் அடங்கும். குப்பையாக வீசப்பட்ட பிளாஸ்டிக் சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அதில் சேரவில்லை என்பதால், பிளாஸ்டிக்கே மேல் என்று அந்த எண்ணை வைத்து வாதிடுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனாலும், பரணில் கிடக்கும் என் இருபத்து மூன்று பைகளும் ஒரு முறைகூடப் பயன்படவில்லை. பழைய பாவாடைக்கோ அந்தச் செலவெல்லாம் என்றோ முடிந்துவிட்டது. உடுத்திக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் வலுவைத்தான் பையாக்குகிறோம்.

அந்த வலு எங்கே இருக்கிறது என்று பார்த்து வெட்டுவதில்தான் வேலையே இருக்கிறது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். இழை விலகும் இடம் பைக்கு ஆகாது. சட்டையில் அக்குளும் காலரும், பேண்டில் முட்டியும் உட்காரும் இடமும் முதலில் நைந்துபோகும். ஜீன்ஸின் தொடைப் பகுதி ஏற்கெனவே குழாய் வடிவில் இருப்பதால், ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு மூடிவிட்டால் ஐந்து கிலோ அரிசியைத் தாங்கும். வேட்டி மெல்லியது, இரண்டாக மடித்துத்தான் தைக்க வேண்டும், ஆனால் அதன் கரையை நான்காக மடித்தால் நல்ல காது கிடைக்கும். எல்லாவற்றிலும் எளிது உள்பாவாடைதான்: நாடா கோக்கும் மடிப்பு ஏற்கெனவே இருப்பதால், முழங்கால் அளவில் வெட்டி அடியைத் தைத்தாலே சுருக்குப் பையாகிவிடும். காது பொருத்தும் இடத்தில் மட்டும் சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு தையல் ஓட்டச் சொல்லுங்கள், ஏனெனில் பை பெரும்பாலும் அங்கேதான் பிய்கிறது.

துணி போலவே தோன்றும் ‘நான் ஓவன்’ பைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்தான். ஓரத்தில் நெருப்புக் காட்டினால் பருத்தியைப் போலச் சாம்பலாகாமல் உருகிச் சுருளும். துணிப் பை என்று சொல்லி அதை விலைக்குக் கொடுத்த ஒரு கடையில் நானும் ஏமாந்திருக்கிறேன்.

மீனுக்கும் மாவுக்கும் துணிப் பை சரிவராது. அவற்றுக்குத் தூக்குவாளி எடுத்துச் செல்கிறேன். மற்றபடி, வீட்டில் தையல் இயந்திரம் இல்லாதவர்கள் தெருமுனையில் கிழிசல் தைத்துக் கொடுப்பவரிடம் இரண்டு பழைய பாவாடைகளையும் ஒரு வேட்டியையும் கொடுத்துப் பாருங்கள். நான் இந்த வாரம் அந்த இருபத்து மூன்று பைகளையும் பிரித்து, இரண்டு மூன்றாக இணைத்துப் பெரிய பைகளாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.