அந்த ஓவியப் பார்வையாளர்களை வரைந்தவர் கனலெட்டோ அல்ல

போலந்தின் வார்சா நகரில் உள்ள வாஜென்கி பூங்காவில், பழைய ஆரஞ்சரி (ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்கும் கட்டடம்) கட்டடத்துக்குள் இருக்கும் அரசவை அரங்கின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மேல் சுவரில் தெரியும் பார்வையாளர் மாடங்களை வரைந்தவர் ஓவியர் கனலெட்டோ என்கிறது அதன் குறிப்பு. தவறு.

போலந்தில் கனலெட்டோ என்று அழைக்கப்பட்டவர் பெர்னார்டோ பெல்லோட்டோ. அவர் 1780-இல் இறந்துவிட்டார். அரங்கு திறந்ததோ 1788-இல். வெனிஸ்காரரான பெரிய கனலெட்டோ, அதாவது பெல்லோட்டோவின் தாய்மாமன், 1768-லேயே காலமானவர். அப்புறம் யார் வரைந்திருக்க முடியும்?

வரைந்தவர் யான் போகுமிவ் பிளெர்ஷ் (1732–1817). சிற்பி யான் யெழி பிளெர்ஷின் மகன். போலந்து மன்னர் ஸ்தானிஸ்வாவ் ஆகுஸ்டுக்காக வேலை செய்தவர், மேடைக் காட்சித் திரைகளையும் தீட்டியவர். அந்தக் கை இங்கே நன்றாகவே தெரிகிறது. தட்டைச் சுவரில் ஆழமான மாடம், அதற்குள் 18-ஆம் நூற்றாண்டு உடையில் ஆட்கள். நாடகம் தொடங்கும் முன்பே அரங்கு நிறைந்துவிட்டது போல இருக்கும். கூரையில் தேரோட்டி வரும் கிரேக்கக் கடவுள் அப்போலோவும் அவர் தீட்டியதுதான். அரங்கின் உட்புறம் மரம். பளிங்கு போல் மின்னுவதும் வண்ணம்தான்.

இத்தனை செய்தவரின் பெயரை விட்டுவிட்டு, தெரிந்த பெயரை ஒட்டிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. படத்தைப் பகிர்ந்தவர்கள் பிளெர்ஷ் என்று திருத்திவிடுங்கள்.