கொப்புளத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட தம்பிக்கு

போன வாரம் ரிகர்சல் முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பேஸ் கிடார் தம்பி விரலை நீட்டினான். ஆள்காட்டி விரல் நுனியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு நீர் கோத்த கொப்புளம்.

"தினமும் மூணு மணி நேரம் உக்கார்றேண்ணா. ஸ்பீடு மட்டும் வரவே மாட்டேங்குது."

வராது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி கம்பியை இழுத்தால் எப்படி வரும்?

அவனைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. ஒரு கல்யாண ரிசப்ஷன். மெலடி போகும்வரை நான் ராஜா. கடைசி அரை மணி நேரம் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட இறங்கினார்கள், பாட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஓடின. மூன்றாவது பாட்டில் என் முன்கை கல்லாகிவிட்டது. நாலு நோட்டில் இரண்டை முழுங்கினேன். கீபோர்டு அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையால் பேஸ் வாசிக்க ஆரம்பித்தார். அதைவிட அவமானம் வேறு வேண்டாம். மறுநாளே கை அமுக்குகிற ஸ்பிரிங் ஒன்று வாங்கி இரண்டு மாதம் அமுக்கினேன். பலன்? இன்னும் முரட்டுத்தனமாக இழுத்தேன், இன்னும் சீக்கிரம் களைத்தேன்.

விரலை மடக்குகிற தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நரம்புக்கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு ஓடுகின்றன. மணிக்கட்டை ஒடித்து வைத்துக்கொண்டு வாசித்தால் ஒவ்வொரு நோட்டுக்கும் அவை அங்கே உரசும். இறுக்கிய தசைக்கு ஓய்வும் கிடைக்காது. அதனால் ஸ்டாமினா என்பது எவ்வளவு வேகமாக மடக்குகிறோம் என்பதில் இல்லை, மடக்கியதை எவ்வளவு சீக்கிரம் தளர விடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பலமாக இழுத்தால் இன்னொரு தொல்லை. கம்பி அகலமாக ஆடி, கிடார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் இடித்துக் கடகடக்கும். அதற்குப் பயந்து கழுத்திலிருந்து கம்பி நிற்கும் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை ஏற்றுவோம். ஏற்றினால் இடது கைக்கும் சேர்த்து வேலை. எல்லாவற்றுக்கும் மருந்து ஆம்ப்பில் இருக்கிற வால்யூம் குமிழ்தான். அதைக் கூட்டிவிட்டு விரலைக் குறை. மெதுவாகத் தொட்டே பழகியவனுக்குத்தான் தேவைப்படும் இடத்தில் ஓங்கித் தட்ட இடம் மிச்சம் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமும் போய்விடும். அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஸ்டீவ் ஹாரிஸின் குதிரை ஓட்டத் தாளம் உலகப் பிரசித்தம். ஒரு பீட்டுக்கு மூன்று நோட்டு. 160 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 160 பீட்டில், வினாடிக்கு 8 நோட்டு. இரண்டு விரல் பங்கு போட்டால் ஆளுக்கு 4. மேசையில் தட்டிப் பாருங்கள், யாருக்கும் வரும். பிறகு ஏன் கம்பியில் வரவில்லை? மேசையை யாரும் இழுப்பதில்லை.

அமெரிக்க பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் மோடவுன் ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டுடியோவில் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் அத்தனையும் வாசித்தார் என்று உடனே யாராவது வருவார்கள். உண்மைதான். உயரமான ஆக்‌ஷனும் பழைய கம்பியும் வேறு. அவர் ஜேமர்சன். நமக்கு இரண்டு விரல் இருக்கட்டும்.

தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான். பீட் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 80-இல் வை, பீட்டுக்கு நாலு நோட்டு, ஒரே கம்பி, பத்து நிமிடம். தட்டிய விரல் பக்கத்துக் கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் தடித்த E கம்பியில் தட்டினால் கட்டைவிரலில். நடுவிரலில் ஆரம்பி, ஏனென்றால் ஆள்காட்டியில் ஆரம்பித்தால் அழுத்தம் எப்போதும் அதன்மேலேயே விழும், நடுவிரல் சோம்பேறியாகவே இருந்துவிடும். இரண்டு விரல் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்வரை 84-க்குப் போகாதே. போனில் பதிவு செய்து கேள், வாசிக்கும்போது காது நம்மை ஏமாற்றும். வேகம் வேண்டிய இடத்தில் கையைப் பிரிட்ஜ் பக்கம், அதாவது கிடார் உடம்பில் கம்பி முடியும் பக்கம், நகர்த்து. அங்கே கம்பி விறைப்பாக இருக்கும், விரலுக்கு அடியில் அதிகம் ஆடாது. ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் கை எங்கே இருக்கிறது என்று வீடியோவில் பார். எரிச்சலோ மரமரப்போ வந்தால் அன்றைக்குக் கிடாரை உறையில் போடு. விடாமல் தொடர்ந்தால் டாக்டரிடம் போ.

முகம் சுண்டிப்போனது அவனுக்கு. "எண்பதா? அது சின்னப் பசங்க வாசிக்கிறதுண்ணா."

நேற்று இரவு போன். கொப்புளம் ஆறிவிட்டதாம். பதிவு செய்து கேட்டானாம். எண்பதிலேயே நடுவிரல் நொண்டுகிறதாம்.