"இவர் இல்லாவிட்டால் நடக்காது" என்ற பாராட்டு

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் வருத்தப்பட்டு, 90 மணி நேர வாரத்தைப் பற்றிப் பேசிய காணொளி 2025 ஜனவரியில் பரவியது. இரண்டு முறையும் எழுந்த எதிர்ப்பு பெரும்பாலும் உடல்நலத்தையும் குடும்பத்தையும் முன்வைத்தே இருந்தது. அது முற்றிலும் நியாயமான எதிர்ப்பு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆனால், உடம்பையும் வீட்டையும் பணயம் வைத்தால் பதவியாவது உயரும் என்ற நம்பிக்கையை அந்த விவாதத்தில் யாரும் அதிகம் தொடவில்லை. சென்னையின் மென்பொருள் சேவை நிறுவனங்களில் நீண்ட காலம் பணியாற்றி, ஊழியரின் ஆண்டுப் பணியை மதிப்பிடும் அப்ரைசல் கூட்டங்களில் மேசையின் இரு பக்கமும் அமர்ந்தவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையைப் பற்றி எழுத விரும்புகிறேன். அளவுக்கு மீறி உழைப்பவர், அதிலும் தன் வேலையை மிகச் சிறப்பாகச் செய்பவர், பல நேரங்களில் அந்த உழைப்பின் காரணமாகவே இருந்த இடத்தில் நிறுத்தி வைக்கப்படுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சப்போர்ட் ப்ராஜெக்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பழைய கணினி அமைப்பைச் சென்னையிலிருந்து ஒரு சிறு குழு பராமரிக்கிறது. இரவில் ஓடும் பணிகள் எங்கே நிற்கும், நின்றால் எதை முதலில் பார்க்க வேண்டும், எந்தப் பிழையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழுவில் ஒருவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் அவர் எடுப்பார். கிளையண்ட் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டி மின்னஞ்சல் அனுப்புகிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அவர் தொடர்ந்து இருப்பாரா என்றும் கேட்கிறார். அந்தக் கேள்வி எழுந்த நாளிலிருந்து அவருடைய முன்னேற்றம் அவருடைய மேனேஜருக்கு ஓர் ஆபத்தாகிவிடுகிறது. மேனேஜரின் சொந்த ரேட்டிங் அந்தக் கிளையண்டின் திருப்தியைச் சார்ந்திருக்கிறது. வேறொரு ப்ராஜெக்டில் நல்ல பொறுப்பு காலியாக இருக்கிறது என்றால், அதற்குப் போக இவரை அவர் ரிலீஸ் செய்ய வேண்டும். "அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம், உங்களுக்கு மாற்று ஆள் தயாராகட்டும்" என்பார். மாற்று ஆள் தயாராவதில்லை, ஏனென்றால் தயாராக வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை, வேலைதான் நடந்துகொண்டிருக்கிறதே. அந்த மேனேஜர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தன் கணக்கைத் தானே காப்பாற்ற வேண்டிய எவரும் அந்த இடத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். கிளையண்டின் இடத்துக்கே போய் வேலை செய்யும் ஆன்சைட் வாய்ப்போ புதிய தொழில்நுட்பத்தில் பயிற்சியோ வரும்போது, யாரை அனுப்பினால் வேலை நிற்காது என்ற கேள்வி கூட்டத்தில் முதலில் எழுகிறது. போனால் குழுவுக்குப் பெரிய இழப்பில்லை என்று கருதப்படும் சராசரி ஊழியர் அப்படித்தான் புதிய இடத்துக்குப் போகிறார், புதியதைக் கற்கிறார், மூன்று ஆண்டுகளில் சந்தையில் மதிப்புள்ளவராகிறார். குழுவைத் தாங்கியவரோ அதே பழைய அமைப்பின் நுணுக்கங்களில் இன்னும் ஆழமாக இறங்குகிறார். அவருடைய அறிவில் பெரும்பகுதி அந்த ஒரு கிளையண்டின் அமைப்புக்கு வெளியே செல்லாது. வெளியே நேர்காணலுக்குப் போகும்போது, தன் நிறுவனத்தில் யாராலும் ஈடுசெய்ய முடியாத தமக்கு அங்கே கேட்கும் எளிய கேள்விகளுக்குப் பதில் இல்லை என்பதை அவர் உணர்கிறார். ஒப்பந்தம் ஒருநாள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் அவர் பெஞ்சில், அதாவது எந்த ப்ராஜெக்டும் இல்லாமல், உட்கார நேரிடும். பெஞ்சில் இருப்பவரின் பழைய இரவுகளை யாரும் கணக்கெடுப்பதில்லை. இப்போது எந்தத் திறனுக்கு ஆள் தேவை என்பதைத்தான் பார்ப்பார்கள்.

வேலையைத் திறமையாகச் செய்பவரிடம் மேலும் வேலை வந்து சேரும் என்பதை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம். 2015-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. சுயகட்டுப்பாடு மிக்கவர் என்று தெரிந்தவரிடம் மற்றவர்கள் கூடுதல் வேலையை ஒப்படைக்கிறார்கள். அதோடு, அந்த வேலைக்கு அவர் செலவிடும் உழைப்பையும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அவருக்கு அது எளிது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெண்களுக்கு இந்தச் சுமை இன்னொரு வடிவிலும் வருகிறது. பதவி உயர்வுக்கு உதவாத பணிகளைச் செய்யுமாறு பெண்களையே அதிகம் கேட்கிறார்கள், அவர்களும் ஆண்களைவிட அதிகமாக ஒப்புக்கொள்கிறார்கள் என்பதை லிண்டா பாப்காக் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பது, அலுவலக விழாவை ஏற்பாடு செய்வது, பிறர் எழுதிய அறிக்கையைத் திருத்துவது என்று நம் அலுவலகங்களில் இந்தப் பட்டியல் நீளும். இவற்றைச் செய்தவருக்கு நன்றி சொல்வார்கள். அப்ரைசல் படிவத்தில் இவற்றுக்கு இடமே இருக்காது.

அந்தப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் ஒருவர் எதிர்பார்ப்பை மீறிச் செயல்பட்டால் அதற்கு மதிப்பெண் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் அதே உழைப்புதான் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது. மூன்றாம் ஆண்டில் களைத்துப்போய் எல்லோரையும் போல வேலை செய்தால், "முன்பு போல ஆர்வம் இல்லை" என்று எழுதுவார்கள். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் அளவோடு வேலை செய்தவரைப் பற்றி யாரும் அப்படி எழுதுவதில்லை. ரேட்டிங்குகளைக் குழுவுக்குள் இத்தனை பேருக்கு மேல் உயர்ந்த மதிப்பெண் இல்லை என்று பெல் கர்வில் பொருத்தும் இடங்களில், "இவர் எங்கும் போகமாட்டார்" என்று உறுதியாகத் தெரிந்தவரின் மதிப்பெண்ணைத்தான் குறைக்கத் துணிகிறார்கள். வேலையை விடப்போவதாகச் சொன்னவருக்குச் சம்பள ஹைக் தருகிறார்கள். மேலும், பிரச்சினை வராமல் தடுத்தவரின் உழைப்பு எங்கும் பதிவாவதில்லை. பிரச்சினை வந்த பிறகு ஓடிவந்து சரிசெய்தவரின் பெயர்தான் மேலிடம் வரை போகிறது.

நீண்ட நேரம் வேலை செய்வதையாவது நிறுவனம் கவனிக்கிறதா என்றால், அதுவும் சந்தேகமே. எரின் ரீட் என்ற ஆய்வாளர் 2015-இல் அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 80 மணி நேரம் உண்மையாகவே வேலை செய்தவர்களையும், அப்படிச் செய்வதுபோல் தோன்றும்படி நடந்துகொண்டவர்களையும் மேலதிகாரிகளால் பிரித்தறிய முடியவில்லை என்று கண்டார். உற்பத்தியின் கணக்கும் இதற்குச் சாதகமாக இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் எடுக்கப்பட்ட பதிவேடுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் மீண்டும் ஆராய்ந்தபோது, வாரத்துக்கு 50 மணி நேரத்தை ஒட்டிய அளவைத் தாண்டினால் கூடுதல் மணி நேரத்தின் பயன் குறைந்துகொண்டே போவதும், 70 மணி நேரத்தில் கிடைத்த உற்பத்தி 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிட அதிகமாக வேறுபடாததும் தெரியவந்தது. வெடிமருந்து ஆலைக்கும் நிரல் எழுதும் அறைக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும், களைத்த மூளை எழுதும் நிரலை மறுநாள் திருத்துவதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என்னை மிகவும் வேதனைப்படுத்துவது, வேலை செய்த நேரத்தை ஊழியரே பதிவு செய்யும் டைம்ஷீட். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தரச் சொன்னது. அந்த இரட்டிப்பு ஊதியம் ஒரு செலவாகக் கணக்கில் ஏறுவதால், ஏன் இவ்வளவு கூடுதல் நேரம் என்று யாராவது கேட்பார்கள்; ஆள் போதவில்லை என்ற உண்மை வெளியே வரும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதும், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்ததும் அந்த நேரக் கணக்கு எவ்வளவு முக்கியமானது என்பதைக் காட்டின. மென்பொருள் ஊழியரோ பதினான்கு மணி நேரம் வேலை செய்துவிட்டு டைம்ஷீட்டில் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் என்று நிரப்புகிறார், ஏனென்றால் கிளையண்டிடம் கட்டணம் கேட்கும் பில்லிங்குக்கு அவ்வளவுதான் அனுமதி. ஆகவே, இந்த ப்ராஜெக்டுக்கு இத்தனை பேர் போதும் என்று அவருடைய கையாலேயே எழுதப்பட்ட சான்று உருவாகிறது. அடுத்த ஆண்டு ஆள் கேட்டால் அந்தச் சான்றைக் காட்டித்தான் மறுக்கிறார்கள். அவருடைய தியாகம் நிறுவனத்தின் ஏடுகளில் எங்குமே இல்லை.

உழைத்து உயர்ந்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பணியின் முதல் சில ஆண்டுகளில் கூடுதல் நேரம் கற்றலுக்குப் போகிறது, அந்தக் கற்றல் ஊழியரோடு போகும் சொத்து. அதை நான் எதிர்க்கவில்லை. என் கவலையெல்லாம் எட்டு, பத்து ஆண்டுகள் அனுபவமுள்ளவர், தெரிந்த வேலையையே மேலும் மேலும் செய்துகொண்டிருப்பதைப் பற்றியது. அவர்களுக்கு நான் சொல்வது இவைதான். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதி வைத்து, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். அது உங்கள் வேலையைப் பறிக்கும் என்ற அச்சத்தைவிட, அது உங்களை விடுவிக்கும் என்பதே என் அனுபவத்தில் உண்மை. ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டு வாரம் தொடர்ச்சியாக விடுப்பு எடுங்கள், அழைப்புகளை அந்த இன்னொருவர் எடுக்கட்டும். கூடுதல் பொறுப்பை ஏற்கச் சொன்னால், எதை விடுவது, எந்த மாதத்தில் ரிலீஸ் என்று அப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். டைம்ஷீட்டில் உண்மையான நேரத்தை எழுத முடியாவிட்டால், வாராந்தர அறிக்கையிலாவது எழுதுங்கள். பதில் மூன்று குவார்ட்டர்களாக "பார்க்கலாம்" என்றே வந்தால், வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் பணியாற்ற வேண்டிய 90 நாள் நோட்டீஸ் பீரியடைக் கணக்கில் கொண்டு வெளியே தேடத் தொடங்குங்கள்.

நிறுவனங்களிலும் மனிதவளத் துறையிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் நண்பர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த அப்ரைசலுக்கு முன்னால், மூன்று ஆண்டுகளாக உயர்ந்த ரேட்டிங் பெற்றும் அதே ப்ராஜெக்டில் அதே பதவியில் இருப்பவர்களின் பட்டியலை மட்டும் தனியே எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவருடைய இடமாற்றக் கோரிக்கை எத்தனை முறை வந்தது, யார் மறுத்தார், என்ன காரணம் எழுதினார் என்பதை அந்த மேனேஜரிடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். மாற்று ஆளைத் தயார் செய்யாததற்கு மேனேஜரின் ரேட்டிங்கில் ஓர் இடம் ஒதுக்குங்கள். இதற்குப் புதிய மென்பொருளோ செலவோ தேவையில்லை. அந்தத் தகவல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கின்றன.